உள்ளங்கை நெல்லியும் பாஸ்கரரின் பந்தும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் செங்கோட்டையில் குடையில்லாமல் வெளியே இறங்க முடியாது. கடந்த ஆனி மாதத்தில் ஒருநாள், கம்பி ஒடிந்த என் பழைய குடையைச் சீர்செய்யக் கொடுத்துவிட்டு, குடை பழுதுபார்ப்பவரின் அருகில் நின்றிருந்தேன். அவர் துணியைக் கம்பிகளிலிருந்து கழற்றித் தரையில் விரித்தார். எட்டு முக்கோணத் துண்டுகள் சேர்த்துத் தைக்கப்பட்ட துணி அது. ஒவ்வொரு துண்டும் தனித்தனியே தட்டையானது. பக்கங்கள் மட்டும் சற்றே வளைவாக வெட்டப்பட்டவை. ஆனால், சேர்த்துத் தைத்த பிறகு அந்தத் துணி தரையில் தட்டையாகப் படிய மறுத்தது. ஓரிடத்தில் அழுத்தினால் இன்னோரிடத்தில் புடைத்தது.

தட்டையான துண்டுகளைக் கொண்டு வளைந்த பரப்பை உண்டாக்கும் இந்தக் கலை தையற்காரருக்கும் தெரியும். பந்து தைப்பவருக்கும் தெரியும். பள்ளியில் கணிதம் படித்த எனக்குத்தான் நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. கோளத்தின் புறப்பரப்பு நான்கு பை ஆர் வர்க்கம் என்று மனப்பாடம் செய்தவன் நான். ஏன் நான்கு, மூன்றாக ஏன் இல்லை, ஐந்தாக ஏன் இல்லை என்று வகுப்பில் ஒருமுறை கேட்டேன். தேர்வில் காரணம் கேட்கமாட்டார்கள் என்பதுதான் கிடைத்த விடை. பின்னர் பொருளாதாரம் படித்து, அதையே பல ஆண்டுகள் கற்பித்து, ஓய்வும் பெற்றேன். ஓய்வுக்காலத்தில் பொழுதுபோக்காக இந்தியக் கணித வரலாற்றைப் புரட்டியபோதுதான், அந்தப் பழைய கேள்விக்கு ஒரு துணித் துண்டையும் ஒரு நெல்லிக்காயையும் வைத்து விடை சொன்ன ஒருவரைச் சந்தித்தேன். அவர் இரண்டாம் பாஸ்கரர், மரபில் பாஸ்கராசாரியர்.

பாஸ்கரர் தம் பிறப்பாண்டைத் தாமே பதிவு செய்துள்ளார். சக ஆண்டு 1036, அதாவது பொது ஆண்டு 1114. சஹ்ய மலையை ஒட்டிய விஜ்ஜடவிடம் என்பது அவர் குறிப்பிடும் ஊர். அது இன்றைய எந்த ஊர் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், சஹ்யம் எது என்பதில் ஐயமில்லை. அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையே. செங்கோட்டையில் நாம் நிமிர்ந்து பார்க்கும் இதே மலைத்தொடரின் வடபகுதியில், அதன் அடிவாரத்து ஊர் ஒன்றில் அவர் வளர்ந்தார்.

தந்தை மகேசுவரர் வானியலும் சோதிடமும் அறிந்தவர். மகனுக்கு ஆசிரியரும் அவரே. தாம் பெற்ற கல்வி தந்தையின் அருளால் வந்தது என்று பாஸ்கரர் நன்றியுடன் குறிக்கிறார். அக்காலத்தில் கணிதம் என்பது குடும்பத்துக்குள் கைமாறும் சொத்து. தந்தையிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று அது சென்றது. பாஸ்கரரின் பெருமை, வீட்டுக்குள் கிடைத்த அந்தச் சொத்தைப் புறத்தே உள்ள எவரும் கற்கும்படி எழுதிவைத்ததில் இருக்கிறது.

1150ஆம் ஆண்டில், தம் 36ஆம் வயதில், அவர் சித்தாந்த சிரோமணியை நிறைவு செய்தார். லீலாவதி, பீஜகணிதம், கிரககணிதம், கோளாத்தியாயம் என அது நான்கு பகுதிகளைக் கொண்டது. முதலாவது எண்கணிதமும் வடிவியலும், இரண்டாவது இயற்கணிதம், மற்ற இரண்டும் வானியல். பிற்காலத்தவர் இவற்றை நான்கு தனி நூல்களாகவே கருதிப் படித்தனர்.

லீலாவதி என்ற பெயரைச் சுற்றி ஒரு கதை உண்டு. லீலாவதி பாஸ்கரரின் மகள், அவளுடைய திருமண நேரத்தைக் கணிக்க நீர்க்கடிகாரம் வைத்திருந்தார், அவள் அணிகலனிலிருந்து ஒரு முத்து விழுந்து கிண்ணத்தின் துளையை அடைத்தது, நேரம் தவறியது, மகளின் துயரை ஆற்ற அவள் பெயரில் தந்தை நூல் எழுதினார் என்பது கதை. இது 1587இல் அக்பரின் ஆணைப்படி ஃபைஸி செய்த பாரசீக மொழிபெயர்ப்பின் முன்னுரை வழியாகப் பரவியது. பாஸ்கரர் காலத்துச் சான்று எதுவும் இதற்கு இல்லை. கதை அழகானது என்பதற்காக அதை வரலாறாக்கிவிடக் கூடாது.

ஒரு பொருளாதார மாணவனுக்கு லீலாவதி வேறொரு வகையில் விருந்து. அதில் வட்டிக் கணக்கு வருகிறது. பல மாற்றுப் பொன்னைச் சேர்த்து உருக்கும் கணக்கு வருகிறது. பண்டமாற்று, தானியக் குவியல், கூட்டு முதலீட்டின் பங்கு என்று 12ஆம் நூற்றாண்டின் கடைத்தெரு முழுவதும் வருகிறது. நூற்றுக்கு மாதம் ஐந்து வட்டியானால் பதினாறுக்கு ஓராண்டில் எவ்வளவு என்பது அவர் தரும் கணக்குகளுள் ஒன்று. விடை ஒன்பதே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. துல்லியமாக ஒன்பதும் ஐந்தில் மூன்றும். ஆண்டுக்கு அறுபது விழுக்காடு வட்டி பாடநூலில் இடம்பெறும் அளவுக்குப் பழக்கமான எண்ணாக இருந்திருக்கிறது என்று நான் எண்ணிக்கொள்கிறேன்.

பீஜகணிதத்தில் அவர் எட்டிய உயரம் உலகறிந்தது. ஒரு வர்க்க எண்ணை 61ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் மீண்டும் ஒரு வர்க்கம் வரவேண்டும். அத்தகைய முழு எண்கள் எவை? சக்கரவாளம் என்னும் சுழல்முறையால் பாஸ்கரர் விடை கண்டார். மிகச் சிறிய விடையே 22,61,53,980 என்பதும் 176,63,19,049 என்பதும் ஆகும். இதே கணக்கை 1657இல் பிரெஞ்சு அறிஞர் ஃபெர்மா ஐரோப்பியக் கணிதர்களுக்கு ஓர் அறைகூவலாக விடுத்தார். இடையில் ஐந்து நூற்றாண்டுகள்.

ஆயினும், என்னை அவர்பால் ஈர்த்தது அந்தப் பேரெண்கள் அல்ல. அவர் கையிலிருந்த பந்துதான்.

கோளத்தின் புறப்பரப்பைக் காண்பது இந்திய வானியலாருக்கு இன்றியமையாத தேவை. பூமி கோளம் என்று ஏற்றவர்கள் அதன் பரப்பளவு என்ன என்று சொல்லியாக வேண்டும். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த லல்லர் பெரும் மதிப்புக்குரிய வானியலாசிரியர். கோளத்தின் நடுவட்டப் பரப்பைச் சுற்றளவால் பெருக்கினால் புறப்பரப்பு கிடைக்கும் என்ற விதி அவர் பெயரில் வழங்கியது. இது தவறு. விட்டம் 7 அங்குலமுள்ள பந்தை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு ஏறத்தாழ 22 அங்குலம். நடுவட்டப் பரப்பு 38.5 சதுர அங்குலம். லல்லரின் விதிப்படி புறப்பரப்பு 847 சதுர அங்குலம் ஆகும். உண்மையில் அது 154 மட்டுமே.

பாஸ்கரர் லல்லரை இகழ்ந்தவர் அல்லர். லல்லரின் சிஷ்யதீவிருத்திதம் என்னும் வானியல் நூலுக்கு உரையே எழுதியவர். அத்தகைய ஆசானை, கோளாத்தியாயத்தில் பெயர் சுட்டி மறுக்கிறார். மறுப்பதற்கு அவர் சாத்திர மேற்கோளை நாடவில்லை, துணியை எடுக்கிறார்.

பந்தின் சுற்றளவில் பாதியை விட்டமாகக் கொண்டு ஒரு வட்டத் துணியை வெட்டச் சொல்கிறார். நம் கணக்கில் அது 11 அங்குல விட்டமுள்ள வட்டம். அதன் நடுவைப் பந்தின் உச்சியில் வைத்து நாற்புறமும் தழையவிட்டால், ஓரம் சரியாகப் பந்தின் இடுப்புவரை வரும். பாதிப் பந்து முழுவதும் மூடப்பட்டுவிடும். அதோடு துணி மிஞ்சும். அந்த மிச்சம்தான் ஓரங்களில் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி நிற்பது. இந்தத் துணியின் பரப்பு நடுவட்டத்தைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. மிச்சம் போக, பாதிப் பந்தின் பரப்பு இரண்டரை மடங்குக்கும் குறைவாகத்தான் இருக்க முடியும். அப்படியானால் முழுப் பந்துக்கு ஐந்து மடங்குக்கும் குறைவு. லல்லரின் விதியோ நம் பந்துக்கு 22 மடங்கு என்கிறது. ஒரு முழத் துணியில் முடிந்துபோன வழக்கு இது.

தவறு எது என்று காட்டியாயிற்று. சரி எது என்று காட்ட வேண்டுமல்லவா? இங்குதான் நெல்லிக்காய் வருகிறது. மலைநெல்லியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காம்பிலிருந்து அடிவரை அதன் மேல் கோடுகள் ஓடும். அந்தக் கோடுகளைப் போலவே கோளத்தின் உச்சியிலிருந்து அடிவரை கோடுகள் வரைந்து, அதன் மேற்பரப்பைக் கீற்றுகளாகப் பிரிக்கச் சொல்கிறார் பாஸ்கரர். அவர் உரையில் எடுத்துக்கொண்ட கோளத்தின் சுற்றளவு 96 அலகு, கீற்றுகளும் 96. எனவே ஒவ்வொரு கீற்றும் இடுப்புப் பகுதியில் ஓர் அலகு அகலம் இருக்கும். இரு முனைகளிலும் கூராக முடியும்.

96 என்ற எண் தற்செயலானதன்று. இந்திய வானியலார் கால்வட்டத்தை 24 பகுதிகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஜியா எனப்படும் நாண் அளவை அட்டவணையாக வைத்திருந்தனர். அதையே பாஸ்கரர் பயன்படுத்துகிறார். ஒரு கீற்றைக் குறுக்கே ஓர் அலகு இடைவெளியில் வெட்டினால் உச்சியில் இருப்பது ஒரு சிறு முக்கோணம். அதற்குக் கீழே வருபவை எல்லாம் சரிவகங்கள். ஒவ்வொன்றும் அத்தனை சிறியது என்பதால் தட்டையாகவே கொள்ளலாம். அவற்றின் அகலத்தை ஜியா அட்டவணை தந்துவிடுகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு கீற்றின் பரப்பு 30 அலகும் 60இல் 33 பங்கும் வருகிறது. சுற்றளவு 96 உள்ள கோளத்தின் விட்டமும் அதுவே.

ஆக, ஒரு கீற்றின் பரப்பு விட்டத்துக்குச் சமமான எண். கீற்றுகளின் எண்ணிக்கை சுற்றளவுக்குச் சமமான எண். இரண்டையும் பெருக்கினால் கோளத்தின் புறப்பரப்பு. சுற்றளவை விட்டத்தால் பெருக்கி நான்கில் ஒரு பங்கு எடுத்தால் வட்டத்தின் பரப்பு என்பதை லீலாவதியிலேயே சொல்லியிருக்கிறார். எனவே, கோளத்தின் புறப்பரப்பு நடுவட்டத்தைப் போல நான்கு மடங்கு. வகுப்பறையில் எனக்குக் கிடைக்காத நான்கு இதோ இங்கே இருக்கிறது. உள்ளங்கை நெல்லிக்கனி என்று தெளிவுக்கு உவமை சொல்வது நம் வழக்கம். அந்த வழக்கு இவ்வளவு நேராகப் பொருந்தும் இடம் வேறொன்று இருக்குமா என்று தெரியவில்லை.

இதே கோளாத்தியாயத்தில், பூமி உருண்டை என்றால் நம் கண்ணுக்கு ஏன் தட்டையாகத் தெரிகிறது என்ற கேள்விக்கும் அவர் விடை தருகிறார். எந்த வட்டத்திலும் சுற்றளவின் நூற்றிலொரு பங்கு நேர்கோடாகவே தோன்றும். மனிதன் மிகச் சிறியவன். பூமி மிகப் பெரியது. அவன் பார்வைக்கு எட்டும் பகுதி தட்டையாகத் தெரிவதில் வியப்பில்லை. நூற்றிலொரு பங்கு தட்டை என்னும் இந்தப் பார்வையும், 96 கீற்றுகளாகப் பிரிக்கும் செயலும் ஒரே சிந்தனையின் இரு முகங்கள். பூமியின் சுற்றளவை 4,967 யோசனை என்று கொண்டு, அதன் புறப்பரப்பு 78,53,034 சதுர யோசனை என்று அவர் கணக்கிட்டதும் இந்த வழியில்தான்.

பெருமையை அளவோடு சொல்வதும் கடமை. கோளத்தின் புறப்பரப்பு நடுவட்டத்தின் நான்கு மடங்கு என்பதைப் பொது ஆண்டுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆர்க்கிமிடீஸ் நிறுவிவிட்டார். பூமி பொருள்களைத் தன்பால் இழுக்கிறது என்று பாஸ்கரர் எழுதியதைக் கொண்டு, நியூட்டனின் விதியை அவர் முன்பே கண்டார் என்று மேடைகளில் முழங்குவதும் பொருந்தாது. எந்த அளவில் இழுக்கிறது என்ற கணக்கே நியூட்டனின் சாதனை. பாஸ்கரருக்கு இரவல் புகழ் தேவையில்லை.

துணி மிஞ்சி மடிப்பாக நின்றதே, அதன் முழுப் பொருளை உலகம் உணர 19ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. கோளப் பரப்பின் எந்தப் பகுதியையும் நீட்டாமல், சுருக்காமல் தட்டையாக்க முடியாது என்பது 1827இல் ஜெர்மானியக் கணிதர் காஸ் அளித்த தேற்றத்திலிருந்து பெறப்படும் உண்மை. தட்டைத் துண்டுகளால் செய்யப்படும் எந்தப் பந்தும் தோராயமே. துண்டுகள் கூடக் கூட அது கோளத்தை நெருங்கும். 1507இல் வால்ட்சீமுல்லர் உலக உருண்டைக்காக அச்சிட்ட வரைபடம் 12 கீற்றுகள். ஜலந்தரிலும் மீரட்டிலும் தைக்கப்படும் மரபான கால்பந்தில் 12 ஐங்கோணங்களும் 20 அறுகோணங்களுமாக 32 துண்டுகள். 1975இல் விண்ணில் ஏவப்பட்ட இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா, 26 தட்டை முகங்களால் ஆன ஏறத்தாழக் கோள வடிவம். 1979 ஜூன் 7 அன்று சென்ற அடுத்த செயற்கைக்கோளுக்குப் பாஸ்கரா என்று பெயரிட்டார்கள். இரு பாஸ்கரர்களின் நினைவாக வைத்த பெயர் அது.

1183இல், தம் 69ஆம் வயதில், பாஸ்கரர் கரணகுதூகலம் எழுதினார். வானியல் கணக்குகளை எளிதாக்கும் கையேடு அது. முப்பத்தாறில் பெருநூல் செய்தவர், எழுபதை நெருங்கும்போது மாணவருக்கும் பஞ்சாங்கம் கணிப்போருக்கும் பயன்படும் சிறுநூல் செய்தார் என்பது ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

மகன் லட்சுமீதரரும் பேரன் சாங்கதேவரும் அந்தக் கல்வியைத் தொடர்ந்தனர். சாங்கதேவர் யாதவ மன்னன் சிங்கணனின் அவையில் தலைமைச் சோதிடர். பாட்டனாரின் நூல்களைக் கற்பிப்பதற்கென்றே அவர் ஒரு மடம் நிறுவினார். மகாராஷ்டிரத்தின் சாலீஸ்காவ் அருகே பாட்ணே என்ற ஊரில் கிடைத்த 1207ஆம் ஆண்டுக் கல்வெட்டு இதைச் சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அதை வெளிக்கொணர்ந்தவர் மும்பை மருத்துவரும் ஆய்வாளருமான பாவு தாஜி. அந்தக் கல்வெட்டின் ஒரு பகுதி பழைய மராத்தியில் உள்ளது. மடத்துக்கு வருவாய் எப்படி வரவேண்டும் என்று அது வகுக்கிறது. ஓடும் செக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு கரண்டி எண்ணெய் மடத்துக்குச் சேர வேண்டும் என்பதும் அதிலுண்டு. கோளத்தின் பரப்பைக் கற்பிப்பதற்குச் செக்காட்டுபவரும் பங்கு கொடுத்திருக்கிறார். கல்விக்குச் செலவிடும் பணத்தைச் சுமையாகக் கருதிப் பேசும் வரவுசெலவுத் திட்ட விவாதங்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கரண்டி எண்ணெய் நினைவுக்கு வருகிறது.

பாஸ்கரரின் நூல்கள் தென்னகத்திலும் வேர்விட்டன. 16ஆம் நூற்றாண்டில் கேரளத்துச் சங்கர வாரியர் தொடங்கி நாராயணர் முடித்த கிரியாக்கிரமகரி, லீலாவதியின் பேருரை. ஜேஷ்டதேவரின் யுக்திபாஷா கோளப் பரப்புக்கான நிறுவலை மலையாளத்திலேயே விளக்கியது. 1956 நவம்பர் 1 வரை எங்கள் செங்கோட்டை திருவிதாங்கூரோடு, பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் அந்தக் கணித மரபின் நாடு. இந்த மலை பிரிப்பதைவிட இணைத்தது அதிகம்.

இன்று நம் பள்ளிகளில் நடப்பது என்ன? வாய்பாடு சுவரில் எழுதப்பட்டிருக்கிறது. காரணம் எங்கும் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் ஏன் என்று கேட்டால், நான் அன்று கேட்ட அதே விடையைத் திருப்பிச் சொல்கிறது. இன்னொரு புறம், நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்ற பேச்சு ஓங்கி ஒலிக்கிறது. முன்னோர் சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்பவராகப் பாஸ்கரர் இருந்திருந்தால், லல்லரின் தவறு மேலும் சில நூற்றாண்டுகள் வாழ்ந்திருக்கும். உரை எழுதும் அளவுக்கு மதித்த ஆசானைத் துணி வெட்டிக் காட்டி மறுத்தவர் அவர். மரபுக்கு அவர் செய்த மரியாதை அது.

அவர் பெயரில் சிலையோ விருதோ வைப்பதைவிட எளிய ஒன்றைச் செய்யலாம். ஒவ்வொரு பள்ளியிலும் ஒருநாள் கணித வகுப்பில் ஒரு ரப்பர் பந்து, அரை மீட்டர் துணி, ஒரு கத்தரிக்கோல், சில நெல்லிக்காய்கள். வட்டமாக வெட்டிய துணியைப் பிள்ளைகளே பந்தின் மேல் போர்த்தட்டும். மடிப்புகள் ஏன் வருகின்றன என்று அவர்களே கேட்கட்டும். பிறகு காகிதத்தைக் கீற்றுகளாக வெட்டி ஒட்டிப் பார்க்கட்டும். செலவு நூறு ரூபாயைத் தாண்டாது.

அன்று குடை பழுதுபார்ப்பவர் கம்பியை மாற்றி, துணியை மீண்டும் பூட்டி, விரித்துக் காட்டினார். துண்டுகள் ஏன் நேர்கோட்டில் இல்லாமல் வளைவாக வெட்டப்பட்டுள்ளன என்று கேட்டேன். நேராக வெட்டினால் துணி கம்பியோடு இழுத்து நிற்காது, தொளதொளவென்று இருக்கும் என்றார். காரணத்தோடு வந்த விடை. குடையைப் பிடித்துக்கொண்டு சாரலில் வீடு வந்து சேர்ந்தேன்.